முள்ளை எடுத்த பிறகுதான் டியூப்!



ஆண்டு மலருக்கு "நீயும் ஏதாவது எழுதிக் கொடு" என்று பேரவைச் செயலாளர் கேட்டார். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் கவிதை கொடுத்துவிட்டார்கள். எனக்குக் கவிதை வராது. எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். ஆகவே தெரியாததை எழுதாமல், என் கையால் செய்து பார்த்த ஒன்றை எழுதுகிறேன். உடைந்துபோன லேப்டாப் ஸ்கிரீனை வீட்டிலேயே மாற்றிய அனுபவம் இது. நடுவில் ஒரு பஞ்சர் கடையும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பாவுக்கு மதுரையிலிருந்து திருமங்கலம் போகிற ரோட்டோரம் பஞ்சர் கடை. கடை என்றால் நாலு கம்பு, ஒரு தார்ப்பாய், ஒரு கம்ப்ரசர், ஒரு தண்ணீர்த் தொட்டி. அவ்வளவுதான். அப்பா பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்த அன்று விண்ணப்பத்தில் கைநாட்டு வைத்தார். இருபது வருஷத்துக் கிரீஸ் ஏறிய விரல். மை சரியாகப் பதியவில்லை. மூன்று தடவை வைக்கச் சொன்னார்கள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. உண்மையைத்தானே எழுத வேண்டும்!

இரண்டாம் ஆண்டு வந்ததும் லேப்டாப் இல்லாமல் முடியாது என்ற நிலை. அம்மா சீட்டைத் தள்ளி எடுத்தார். தள்ளுபடி போகக் கையில் வந்தது 12,000 ரூபாய். அதில் 14 அங்குலத் திரையுள்ள பழைய லேப்டாப் ஒன்று வாங்கினோம். வீட்டுக்கு வந்த அன்று அம்மா அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தார். "கீபோர்டுல வைக்காதம்மா" என்று நான் கத்தியதால், மூடியின் ஓரத்தில் சின்னதாக ஒரு பொட்டு. அது இன்னும் இருக்கிறது.

ஐப்பசி மாதம் ஒரு சாயங்காலம் லேப்டாப்பைத் தரையில் திறந்தபடி வைத்துவிட்டு, நண்பனைப் பார்க்கத் தெருமுனைக்குப் போனேன். பத்து நிமிஷம் என்று போனவன் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வந்தேன். அதற்குள் நல்ல மழை. எங்கள் வீடு ஓட்டு வீடு. எந்த இடத்தில் ஒழுகும் என்பது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். வந்து பார்த்தால் லேப்டாப் மூடி, துண்டு சுற்றி, பீரோ மேல் பத்திரமாக இருந்தது. திறந்தேன். ஸ்கிரீனின் நடுவில் சிலந்தி வலை மாதிரி விரிசல். அதைச் சுற்றி மை கொட்டினாற்போலக் கறுப்பு. ஓரங்களில் பச்சையும் நீலமுமாகக் கோடுகள்.

"யாரு இதைத் தொட்டது?"

"மழை வந்துச்சுப்பா. ஒழுகுற இடத்துல கெடந்துச்சு. நனைஞ்சுரும்னு அவசரமா மூடி எடுத்து வச்சேன்" என்றார் அப்பா.

அதற்கு நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உன்னை யாரு தொடச் சொன்னா? படிக்காத ஆளு கை வச்சா இப்படித்தான் ஆகும்."

பதினெட்டு வருஷமாக "நீங்க" என்று கூப்பிட்ட அப்பாவை அன்றுதான் "நீ" என்றேன். அப்பா பதில் பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மழை விடாத நேரத்திலேயே கடைக்குக் கிளம்பிவிட்டார். அம்மா தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது.

மினி புராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்க இன்னும் பதினோரு நாள்தான் இருந்தது. மொத்த வேலையும் அந்த லேப்டாப்புக்குள்.

மறுநாள் முதல் வேலையாக, போனது எது என்று தெரிந்துகொள்ள நினைத்தேன். எங்கள் வீட்டில் இருப்பது 2006-இல் தொடங்கிய இலவசத் திட்டத்தில் அரசு கொடுத்த பழைய கலர் டி.வி. அதில் எச்.டி.எம்.ஐ. சொருக இடம் கிடையாது. பக்கத்து வீட்டு அக்காவின் எல்.இ.டி. டி.வி.யில் கேபிளைச் சொருகினேன். படம் பளிச்சென்று வந்தது! அப்படியென்றால் மதர்போர்டு நன்றாக இருக்கிறது, உள்ளே இருக்கும் ஃபைலும் பத்திரம், கெட்டது ஸ்கிரீன் பேனல் மட்டும்தான். நண்பர்களே, இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் பேனல் வாங்கிவிடாதீர்கள். விரிசல் எதுவும் இல்லாமல் திரை வெறும் இருட்டாக இருந்தால் இன்னொரு சோதனை உண்டு. டார்ச் லைட்டைத் திரைமேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் படம் வருகிறது, பின்னாலிருந்து வர வேண்டிய வெளிச்சம்தான் வரவில்லை என்று அர்த்தம்.

டவுனில் ஒரு கடையில் கேட்டேன். 5,800 ரூபாய், மூன்று நாள் ஆகும் என்றார்கள். அவர்கள் கேட்டதில் தப்பில்லை. பொருள், கூலி, வாடகை எல்லாம் இருக்கிறதே. என்னிடம் இருந்தது பேப்பர் போட்டுச் சேர்த்த 1,900 ரூபாய். அம்மாவிடம் கேட்க வாய் வரவில்லை. எடுத்த சீட்டுக்கே இன்னும் ஒன்பது மாதத் தவணை பாக்கி.

எங்கள் லேப் சாரிடம் போய்ச் சொன்னேன். "நீ என்னடா படிக்கிற?" என்று கேட்டார். "எலெக்ட்ரானிக்ஸ் சார்." "அப்புறம் என்ன? நீயே மாத்து" என்று சொல்லி, சின்ன ஸ்குரூ டிரைவர் செட்டை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கூடவே ஓர் எச்சரிக்கை. "கழட்டாம ஆர்டர் போடாதே. பேனல் முதுகுல ஒட்டியிருக்கிற நம்பரைப் பாத்து எழுதிக்க. அந்த நம்பர்தான் முக்கியம்."

இது பலருக்குத் தெரியாது. லேப்டாப் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் உள்ளே இருக்கும் பேனலைச் செய்வது பெரும்பாலும் வேறு கம்பெனி. பி.ஓ.இ., ஏ.யு.ஓ., இன்னோலக்ஸ், எல்.ஜி. டிஸ்ப்ளே போன்றவை பேனல் செய்கிறவை. ஒரே மாடல் லேப்டாப்பிலேயே இரண்டு மூன்று விதமான பேனல் இருக்கலாம். அளவு 14 அங்குலமா 15.6 அங்குலமா, கனெக்டர் 30 பின்னா 40 பின்னா, ஸ்குரூ மாட்டும் காது பக்கவாட்டிலா மேலும் கீழுமா, பளபளப்பா மங்கலா... இவையெல்லாம் பொருந்த வேண்டும். 30 பின்னுக்குப் பதில் 40 பின் வாங்கினால் பணம் போனது போனதுதான்.

அன்று ராத்திரி கழட்ட உட்கார்ந்தேன். சார்ஜரைப் பிடுங்கி, அடியில் இருக்கும் இரண்டு தாழ்ப்பாளையும் தள்ளி பேட்டரியை எடுத்தேன். பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்தேன். உள்ளே மிச்சம் இருக்கும் கரண்டும் போய்விடும். தண்ணீர்க் குழாயை ஒரு தடவை தொட்டுவிட்டு உட்கார்ந்தேன். அது உடம்பில் ஏறியிருக்கும் நிலைமின்சாரத்துக்காக. (பேட்டரி உள்ளேயே இருக்கிற மாடல் என்றால் அடிமூடியைக் கழற்றி, பேட்டரி கனெக்டரைப் பிரித்த பிறகுதான் மேலே கை வைக்க வேண்டும்.) ஸ்குரூ தொலையாமல் இருக்க அப்பத்தாவின் பல்லாங்குழியை எடுத்து வைத்துக்கொண்டேன். பதினாலு குழி. எந்த இடத்து ஸ்குரூ எந்தக் குழியில் என்று வரிசை. இதைவிட நல்ல ஸ்குரூ பெட்டி எந்தக் கடையிலும் கிடைக்காது!

திரையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்தில் சின்னச் சின்ன ரப்பர் மூடிகள் இருக்கும். அவற்றை ஊசியால் நெம்பினால் கீழே ஸ்குரூ. முதல் ஸ்குரூ வந்தது. இரண்டாவது வரவே இல்லை. பழைய லேப்டாப் அல்லவா, எனக்கு முன்னால் யாரோ கழற்றி அதன் தலை தேய்ந்து போயிருந்தது. டிரைவர் வழுக்கியது. இன்னும் அழுத்தினேன். இன்னும் தேய்ந்தது. நெற்றியெல்லாம் வியர்வை.

அப்பா வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். என்னோடு பேச்சு நின்று மூன்று நாள். எழுந்து வந்து ஒரு நிமிஷம் பார்த்தார். உள்ளே போய், மல்லித்தழைக் கட்டில் சுற்றி வந்த ரப்பர் பேண்டை எடுத்து வந்தார். அதை வெட்டி, விரித்து, ஸ்குரூவின் தலைமேல் வைத்தார்.

"இது மேல வச்சுத் திருகு. அழுத்தி, மெதுவா."

திருகினேன். தேய்ந்த பள்ளத்தில் ரப்பர் நிரம்பிப் பிடித்துக்கொண்டது. ஸ்குரூ சுழன்று வெளியே வந்தது. நான் நிமிர்வதற்குள் அப்பா திரும்பவும் வாசல்படிக்குப் போய்விட்டார். கார்புரேட்டர் ஸ்குரூவில் இப்படி எத்தனை பார்த்திருப்பார்! நான் சொன்ன "படிக்காத ஆளு" என்ற வார்த்தை தொண்டையில் முள்ளாக நின்றது. ஆனால் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை.

சட்டத்தை ஸ்குரூ டிரைவரால் நெம்பக் கூடாது. பிளாஸ்டிக் பிளந்துவிடும். பழைய ஏ.டி.எம். கார்டை இடுக்கில் விட்டு ஓரமாக நகர்த்தினால் 'டக் டக்' என்று ஒவ்வொரு கொக்கியாக விடும். உள்ளே பேனலை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் நாலு ஸ்குரூவை எடுத்து, பேனலை முன்பக்கமாகச் சாய்த்து, கீபோர்டு மேல் விரித்த துணியில் குப்புறப் படுக்க வைத்தேன். முதுகில் நம்பர் இருந்தது. எழுதிக்கொண்டு பழையபடி மாட்டி வைத்தேன். ஒரு நண்பன் 1,300 ரூபாய் கடன் கொடுத்தான். (இப்போது பாதி திருப்பிக் கொடுத்துவிட்டேன். மீதிக்கு அவன் இந்தக் கட்டுரையைக் காட்டிக் கேட்கலாம்!) 3,150 ரூபாய்க்கு ஆர்டர் போட்டேன். ஐந்தாம் நாள் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை. கடைக்குப் போகாமல் அப்பா வீட்டில் இருந்தார். பழைய பேனலைக் கழற்றி எடுத்தேன். புதியதை உறையிலிருந்து உருவி விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டப் போனேன்.

"முள்ளை எடுத்துட்டியா?" என்றார் அப்பா.

"இதுல ஏதுப்பா முள்ளு?"

"புது டியூப் போடுறதுக்கு முன்னாடி டயருக்குள்ள கையை விட்டுத் தடவிப் பாக்கணும். முள்ளு உள்ளயே இருந்தா புது டியூபும் ஒரு மைல் தாங்காது. இது எதனால உடைஞ்சுச்சுன்னு பாத்தியா?"

நான் பார்க்கவே இல்லை. உடைத்தது அப்பா என்று தீர்ப்பு எழுதி முடித்துவிட்டேன் அல்லவா, அப்புறம் எதற்கு விசாரணை!

பழைய பேனலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். அடிபட்ட இடம் பரவலாக இல்லை. எல்லா விரிசலும் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பியிருந்தன. பேனலை அதன் இடத்தில் பிடித்து, மூடியை மெதுவாகச் சாய்த்து, அந்தப் புள்ளி கீபோர்டில் எங்கே வந்து உட்காருகிறது என்று பார்த்தேன். ஜி என்ற எழுத்துக்கும் எச் என்ற எழுத்துக்கும் நேரே. அங்கே என்ன இருந்தது? யோசித்தேன். ஞாபகம் வந்ததும் உடம்பு சில்லிட்டது. இயர்போன்! பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை செய்தவன் அதைக் கழற்றிக் கீபோர்டு மேலேயே போட்டுவிட்டுப் போயிருந்தேன். அன்று ராத்திரி மூடியைத் திறந்தபோது அதைப் பிடுங்கி மூலையில் எறிந்ததும் நான்தான். கோபத்தில் அது கண்ணிலேயே படவில்லை.

மூடிக்கும் கீபோர்டுக்கும் இடையில் இருப்பது மெல்லிய இடைவெளி. அதில் ஒரு பேனா, ஓர் இயர்போன் மாட்டினால் போதும். மூடுகிற அழுத்தம் மொத்தமும் அந்த ஒரு புள்ளியில் இறங்கும். அந்த இருட்டில், ஒழுகுகிற வீட்டில், என் பொருள் நனையக் கூடாது என்று ஓடி வந்து மூடியவருக்கு அது எப்படித் தெரியும்?

"அப்பா... இயர்போனை நான்தான் உள்ள போட்டு வச்சிருந்தேன். தப்பு என்மேலதான். அன்னைக்கு உங்களைப் பேசினதும் தப்பு."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "டார்ச்சை எங்க அடிக்கணும்? காட்டு" என்றார். அவ்வளவுதான்.

அப்பா டார்ச் பிடித்தார். கனெக்டர் மேல் ஒட்டியிருந்த டேப்பை மெல்ல உரித்தேன். சில மாடலில் அதன்மேல் மெல்லிய கம்பிக் கொக்கி ஒன்றும் இருக்கும், அதை நிமிர்த்த வேண்டும். கனெக்டரை மேல்நோக்கித் தூக்கக் கூடாது. கேபிள் வரும் திசையிலேயே, பேனலோடு ஒட்டினாற்போல் நகர்த்தி உருவ வேண்டும். ஒயரைப் பிடித்து இழுக்கவே கூடாது. புதியதில் அதேபோல் நேராகத் தள்ளி, டேப்பை ஒட்டினேன். ஸ்குரூ போடுவதற்கு முன்பே சோதித்துப் பார்க்க பேட்டரியைப் போட்டு பட்டனை அழுத்தினேன்.

இருட்டு.

ஃபேன் சத்தம் கேட்கிறது, லைட் எரிகிறது, ஸ்கிரீன் மட்டும் கறுப்பு. 3,150 ரூபாய் கண்முன் பறந்தது. அவசரத்தில் கனெக்டரை அப்படியே அமுக்கப் போனேன். சார் சொன்னது ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டேன். பவர் இருக்கும்போது கனெக்டரில் கை வைத்தால் மதர்போர்டில் இருக்கும் பேக்லைட் ஃபியூஸ் போய்விடலாம். ஆஃப் செய்து, மறுபடி பேட்டரியை எடுத்து, டேப்பை உரித்துப் பார்த்தேன். கனெக்டர் ஒரு பக்கம் முடி அளவு வெளியே நின்றது. இரண்டு கட்டைவிரலாலும் சமமாகத் தள்ளினேன். மறுபடி பட்டன்.

வெளிச்சம்! அம்மா அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்தார். அப்பா டார்ச்சை அணைக்க மறந்து நின்றார்.

"இந்தக் கண்ணாடிக்குள்ள என்னதாம்ப்பா இருக்கு?" என்று கேட்டார். சொன்னேன். இரண்டு மெல்லிய கண்ணாடிக்கு நடுவில் திரவப் படிகம் இருக்கிறது. பின்னாலிருந்து எல்.இ.டி. வெளிச்சம் வருகிறது. மின்னழுத்தத்துக்குத் தக்கபடி அந்தப் படிகம் முறுக்கு மாறும்போது, முன்னும் பின்னும் உள்ள இரண்டு வடிகட்டித் தாள்கள் வழியாக வெளிச்சம் கூடவோ குறையவோ வரும். 1366-க்கு 768 புள்ளிகள். ஆக மொத்தம் 10,49,088 புள்ளி. ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று. முப்பத்தொரு லட்சத்துக்கு மேல் குட்டி ஜன்னல்கள்! 1888-இல் ரைனிட்சர் என்ற தாவரவியல் அறிஞர் ஒரு பொருளைச் சூடாக்கியபோது, அது இரண்டு தடவை உருகுவதைக் கண்டார். அங்கே தொடங்கியதுதான் இது.

"ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல தண்ணி. ஒழுகாம ஒட்டியிருக்கான் பாரு! நம்ம ஓட்டை ஒட்ட ஆளு இல்ல" என்றார் அப்பா. பத்து நாளுக்குப் பிறகு வீட்டில் எல்லோரும் சிரித்தோம்.

ஸ்குரூ போடும்போதும் அப்பாதான் வாத்தியார். "ஒண்ணை மட்டும் முடுக்காதே. எல்லாத்தையும் லூசா மாட்டு. அப்புறம் எதிர் எதிரா டைட் பண்ணு. இல்லாட்டி ஒரு பக்கம் இழுத்துக்கும்." கார் சக்கரத்துக்குச் சொல்லும் அதே சட்டம். முறுகலாக மாட்டினால் கண்ணாடிக்கு ஆபத்து என்பதால் இங்கும் அதுவே சரி. சட்டத்தை வைத்து அமுக்கினேன். பல்லாங்குழியில் ஒரு ஸ்குரூகூட மீதி இல்லை.

முழு வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்று ஐந்து படங்களைத் திரை நிறைய வைத்துப் பார்த்தேன். செத்த புள்ளி எதுவும் இல்லை. புராஜெக்ட் ரிப்போர்ட்டை ஒரு நாள் முன்னதாகவே கொடுத்தேன். பழைய பேனலைக் குப்பையில் போடாமல் நம் லேபுக்குக் கொண்டு வந்து கொடுத்திருக்கிறேன். கண்ணாடிச் சில் குத்தாமல் ஓரமெல்லாம் டேப் சுற்றியிருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் சாரிடம் கேட்டுப் பாருங்கள்.

நண்பர்களே! 5,800-இல் 3,150 போக 2,650 ரூபாய் மிச்சம் என்று கணக்குச் சொல்லலாம். ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. நம்மில் பல பேர் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள். நாலு இங்கிலீஷ் வார்த்தை தெரிந்ததும் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிடுகிறோம். பழுதுக்குக் காரணத்தைத் தேடு, அப்புறம் பாகத்தை மாற்று என்று நமக்குப் பாடத்தில் வருகிறது. என் அப்பா அதைப் புளியமரத்தடியில் தினம் பத்துத் தடவை செய்கிறார். பாடம் ஒன்றுதான். புத்தகம்தான் வேறு.

இப்போதும் சில நாள் லேப்டாப்பை நான் திறந்தே வைத்துவிட்டுப் போய்விடுகிறேன். அப்பா அதைத் தொடுவார். தொடச் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். மூடுவதற்கு முன்னால், டயருக்குள் முள்ளைத் தேடுவது மாதிரி, கிரீஸ் படிந்த அந்த விரல்களால் கீபோர்டை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரு தடவை தடவிப் பார்ப்பார். பிறகுதான் மூடுவார்.

- இரண்டாம் ஆண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை